மதில் தேறிவிட்டது, கூடம் இன்னும் தேறவில்லை: நாகர்கோவில் கலைக்கூடத்தின் கொரோனா காலக் கண்காட்சிகள்

2022 பிப்ரவரியில் எழுதிய மதிப்புரை இது. நாகர்கோவிலில் உள்ள இந்தச் சமூகக் கலைக்கூடம் சாலையோர மதில், திண்ணை, உள்கூடம் என்று மூன்று இடத்தில் கண்காட்சி வைத்திருக்கிறது. மதிலைப் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாலையோர மதில் மேற்குப் பார்த்தது. காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை மதில் முழுக்க நிழலில் இருக்கும், படங்களின் நிறம் உள்ளபடி தெரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேரே படத்தில் விழுவதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மதிலுக்கும் திண்ணைக்கும் முன்பதிவு கிடையாது, கட்டணமும் கிடையாது. உள்கூடத்துக்கு மட்டும் முதல் நாளே போனிலோ வாட்ஸ்அப்பிலோ நேரம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பேர், அரை மணி நேரம். மாஸ்க் இல்லாமல் உள்ளே விடுவதில்லை, அது சரியும்கூட.

இப்போது, 2022 பிப்ரவரியில், நடப்பது இவர்களுடைய மூன்றாவது கொரோனா காலக் கண்காட்சி. அருங்காட்சியகங்களையும் கண்காட்சிகளையும் மறுபடி திறப்பதற்கான வழிமுறைகளை மத்திய கலாச்சார அமைச்சகம் 2020 நவம்பரில் வெளியிட்டது. அதன்பிறகு 2021 பிப்ரவரியில் முதல் கண்காட்சி தொடங்கியது. ஏப்ரல் கடைசியில் கட்டுப்பாடுகள் இறுகி, மே 10ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும் அது பாதியில் நின்றது. இரண்டாவது, அதே ஆண்டு மழைக்காலத்தில். 2022 ஜனவரிக் கடைசியில் இரவு ஊரடங்கும் ஞாயிறு ஊரடங்கும் விலகிய பிறகு தொடங்கியதுதான் மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதைத் திருத்திக்கொண்டார்கள், எதைத் திருத்தவில்லை என்பது புரியும். மதிலில் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கூடத்தில் பணத்தை இன்னும் தவறான இடத்தில்தான் கொட்டுகிறார்கள்.

முதலில் மதில். சுமார் 90 அடி நீளம், ஐந்தரை அடி உயரம். இரண்டடிக்கு மூன்றடி அளவில் அச்சடித்த 15 ஓவியப் படங்கள். ஒரு படத்தின் நடுவிலிருந்து அடுத்த படத்தின் நடுவுக்கு ஆறடி. யாரும் கயிறு கட்டவில்லை, தரையில் வட்டம் போடவில்லை, ஆனாலும் ஆளுக்கொரு படத்தின் முன் நின்றாலே ஆறடி இடைவெளி வந்துவிடுகிறது. நோய்க்காலத்துக்குக் கண்காட்சி அமைக்கும் எவரும் இதைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். படங்களை நெருக்கி மாட்டிவிட்டு, "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்று நாள் முழுக்கத் தன்னார்வலரைக் கத்தவைப்பதில் பயனில்லை. எங்கே மாட்டுகிறோமோ அங்கேதான் கூட்டம் நிற்கும்.

இந்த ஒழுங்கு ஓரிடத்தில் மட்டும் உடைகிறது. கண்காட்சியைப் பற்றிய அறிமுகப் பலகை மதிலின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்று. அதைப் படிக்க இரண்டு நிமிடமாவது ஆகும், அதனால் வருகிறவர்கள் எல்லாம் அங்கே குவிகிறார்கள். அந்த இடத்தில் ஓடையின் மேல் போட்ட சிலாப்பும் குறுகல், பக்கத்தில் பைக் போகிற சாலை. இதே பலகையை மதிலின் இரு முனையிலும் வைத்தால் கூட்டம் பாதியாகப் பிரியும். பாதிப் பேர் வலப்பக்கமிருந்து பார்க்கத் தொடங்குவார்கள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. படங்கள் கதை வரிசையில் இல்லை.

முதல் கண்காட்சியில் எல்லாமே ஃபிளெக்ஸ். செலவு குறைவு, ஒரே நாளில் அச்சாகி வந்துவிடும் என்பதால் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். ஊரடங்கில் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனபோது ஃபிளெக்ஸ்கள் மதிலிலேயே நின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். நாலு மூலையில் மட்டும் ஐலெட் (துளைக்கு அடிக்கும் உலோக வளையம்) போட்டுக் கட்டிய ஃபிளெக்ஸ் அந்தக் காற்றில் வள்ளத்துப் பாய்போல உப்பும். இழுவை முழுவதும் மூலையில் விழும், ஐலெட்டைச் சுற்றி முதலில் கிழியும். விளம்பர ஃபிளெக்ஸில் நடுவில் அரைவட்டமாகக் கீறிவிட்டுக் காற்றை விடுவார்கள், ஓவியத்தில் அதைச் செய்ய முடியாது. ஃபிளெக்ஸைத்தான் போட்டாக வேண்டுமென்றால் மேலும் கீழும் துணியில் குழாய்மாதிரி மடித்துத் தைத்து, நீளத்துக்கும் கம்பி கோத்துக் கட்ட வேண்டும். இழுவை முழு விளிம்பிலும் பரவும்.

அடுத்ததற்குச் சன்போர்டு என்னும் பிவிசி நுரைப் பலகைக்குப் போனார்கள். அது உள்ளறைக்கு நல்ல பொருள், மேற்கு வெயிலுக்கு ஆகாது. பிவிசி நுரைப் பலகை சூட்டில் விரியும். நாலு மூலையையும் திருகாணியால் இறுக்கிவிட்டால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைத்துக்கொண்டு வரும், பிறகு தணிந்தாலும் பழைய நிலைக்கு வராது. மூன்றாவது கண்காட்சியில் 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட்டில் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அச்சடித்த வினைல் தாளை ஒட்டியிருக்கிறார்கள். இதுதான் சரியான தேர்வு. மாட்டிய விதமும் கவனமாக இருக்கிறது. 5 மில்லிமீட்டர் திருகாணிக்கு 8 மில்லிமீட்டர் துளை, மேலே அகலமான வாஷர். பலகை கூடிக் குறைய இடமிருக்கிறது. மதிலுக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் விட்டுப் புஷ் என்னும் சிறு குழாய்த் துண்டு கொடுத்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் மாவட்டமே தத்தளித்தது, மதில்கள் வாரக்கணக்கில் ஈரம் குடித்து நின்றன. மதிலோடு ஒட்டிய பலகையின் பின்னால் அந்த ஈரம் அடைபட்டு, முதலில் பாசி, பிறகு காரை உதிர்வு என்று போகும். அரை அங்குல இடைவெளி இருந்தால் காற்று ஓடிக் காய்ந்துவிடும்.

திருகாணி விஷயத்தில் ஒரு குறை. மேல்வரிசையில் துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்டீல் திருகாணி, கீழ்வரிசையில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கடல் உப்பு காற்றில் கலந்திருக்கும் ஊரில் ஜிஐ திருகாணியின் பூச்சு சீக்கிரமே போய், மதிலில் பழுப்பு ஒழுக்கு இறங்கும். இப்போதே மூன்று படங்களுக்குக் கீழே கோடு தெரிகிறது. நாகர்கோவிலுக்கு 304 தரத்து எஸ்எஸ் போதும். குளச்சல், முட்டம்போலக் கரையிலேயே வைக்கிறவர்கள் 316 வாங்குவது நல்லது. பழைய சுண்ணாம்புக் காரை மதிலில் துளை போடும்போது செங்கல் வரும்வரை இரண்டு அங்குலமாவது போக வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் பிளக் அடித்தால் கையோடு வந்துவிடும்.

அச்சுத் தரத்துக்கு வருவோம். 15 படங்களில் 11 அருமை. மங்கலாக நிற்கும் மற்ற நாலுக்கும் காரணம் அச்சகம் அல்ல, படம் வந்த வழி. இரண்டடிக்கு மூன்றடி என்றால் 24க்கு 36 அங்குலம். ஆறடி தள்ளி நின்று பார்க்க அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தால் நன்றாக வரும், அதாவது 3600க்கு 5400 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது நீளப்பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். அதை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 45 புள்ளிகூடத் தேறாது. தூரிகைத் தடம் எல்லாம் கரைந்து மெழுகு பூசினதுபோல ஆகிவிடுகிறது. கலைஞர்களிடம் படம் கேட்கும்போதே "டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பிரச்சினையே வராது. படம் எடுக்கும்போதும் நேர்வெயில் கூடாது. நிழலான திண்ணையில், கேமரா ஓவியத்தின் நடுவுக்கு நேராக, சாயாமல் இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் என்றால் இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, நேர்முன்னால் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

லேமினேஷனைப் பளபளப்பில்லாத 'மேட்' ரகத்தில் போட்டிருக்கிறார்கள், நல்லது. பளபளப்பில் போட்டிருந்தால் காலையிலும் வானம்தான் தெரியும். வெயிலில் முதலில் வெளுப்பவை மஞ்சளும் மஜெந்தாவும். படங்கள் மெல்ல நீலமடித்துப் போவது அதனால்தான். மேற்கு மதிலில் மாதக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் யுவி (புற ஊதாக் கதிர்) தடுப்புள்ள லேமினேஷன் என்று கேட்டு வாங்குங்கள். சொல்லாவிட்டால் சாதாரணமானதைத்தான் போட்டுக் கொடுப்பார்கள்.

கியூஆர் குறி இன்னொரு ஏமாற்றம். ஒவ்வொரு படத்தின் கீழும் நாலு சென்டிமீட்டர் சதுரத்தில், இடுப்பு உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு குறி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆறடி என்றால் 18 சென்டிமீட்டர். நாலு சென்டிமீட்டர் குறிக்கு எல்லோரும் குனிந்து அருகில் போகிறார்கள், ஒருவர் நிமிருமுன் அடுத்தவர் குனிகிறார். தள்ளி நிற்கத்தானே மதிலில் வைத்தோம்? படத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும் நாலு வரி விளக்கமும் அச்சிலேயே பெரிதாக இருந்தால் பாதிப் பேருக்கு போனே தேவைப்படாது. இப்போதுள்ள எழுத்து 18 பாயிண்ட். ஆறடியிலிருந்து படிக்க 36 பாயிண்டாவது வேண்டும். தமிழுக்கு வரிகளுக்கு இடையே கூடுதல் இடமும் விட வேண்டும். மேல்வரியின் கூவன்னாவின் வாலும் கீழ்வரியின் கீயன்னாவின் கொக்கியும் இடித்துக்கொண்டால், கண் கூர்மையாக உள்ளவர்களுக்கே எரிச்சல் வரும்.

இனி திண்ணை. மூன்று கண்காட்சிகளிலும் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் திண்ணைத் தோல்பாவைகளைச் சொல்லலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தோல்பாவைக் கூத்து நடத்தும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கோயில் கொடைகளும் திருவிழாக்களும் நின்றுபோன காலத்தில் அவர்களுக்கு ஆட்டமே இல்லை. பாவைகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடைக்காமல், திண்ணையின் இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, பின்னாலிருந்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். மாலை ஆறரை முதல் எட்டரை வரை. சாலையில் நின்றே பார்க்கலாம். உள்ளே வர வேண்டாம், கதவு வேண்டாம், காற்றுப் பிரச்சினை இல்லை.

பக்கத்தில் போய் ராவணன் பாவையைப் பாருங்கள். கிரீடத்தில் மட்டும் வட்டத் துளை, அரைவட்டத் துளை, அரிசி வடிவத் துளை என்று மூன்று வகை. ஒவ்வொன்றும் தனித்தனி உளியால் குத்தியது. துளையில் வெளிச்சம் வெள்ளையாக வருகிறது, சாயமேறிய தோலில் அதே வெளிச்சம் சிவப்பாக. மார்பிலுள்ள ஆரம் வரைந்ததல்ல, முழுக்கத் துளைகளால் ஆனது. பகலில் பார்த்தால் பழுப்பேறிய தோல் துண்டாகத்தான் தெரியும். அதனால்தான் இதை மாலையில் மட்டும் காட்டுவது என்ற முடிவு சரி.

விளக்கு வைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 12 வோல்ட் எல்இடி பட்டைகள், துணியிலிருந்து ஒன்றரை அடி பின்னால். நெருக்கி வைத்தால் ஒவ்வொரு எல்இடியும் தனித்தனிப் புள்ளியாகத் துணியில் தெரியும். பழைய குண்டு பல்பு வைத்தால் சூட்டில் தோல் சுருளும். ஆட்டுத்தோல் ஈரத்தையும் சட்டென்று பிடிக்கும். மழை நாளில் ஓரம் வளையும், வெயில் நாளில் விறைக்கும். இங்கே ஒவ்வொரு பாவைக்கும் நடுவில் மூங்கில் சிம்பு கட்டி, இரவு எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவே தட்டையாக வைக்கிறார்கள். ஆட்டக்காரக் குடும்பங்களின் வழக்கத்தைக் கேட்டுச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஆனால் பெயர் எங்கே? மதிலில் ஓவியம் வரைந்த ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், சில வரிகள் இருக்கின்றன. பாவைகளின் கீழே "தோல்பாவை, கன்னியாகுமரி மாவட்டம்" என்று மட்டும். உள்ளே மயிலாடிக் கல் வேலைக்கும் வடசேரிக் கோயில் நகைக்கும் இதே கதி. செய்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அழைத்தால் வருகிற தூரத்தில் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு ஆளை விட்டுவிடுவது, வேலையில்லாமல் இரண்டு வருடம் உட்கார்ந்தவர்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். பெயரும், அவர்கள் சம்மதித்தால் ஆர்டர் கொடுக்க ஒரு போன் நம்பரும் இருந்தால், பார்த்துவிட்டுப் போகிறவர் நாளைக்கு வேலை கொடுப்பார். சமூகக் கலைக்கூடம் என்று பலகை மாட்டியவர்கள் இதை நாளைக்கே திருத்த வேண்டும். செலவு ஒரு அட்டைதான்.

உள்கூடத்துக்கு வருவோம். 40 அடி நீளம், 24 அடி அகலம், 11 அடி உயரம். ஏறத்தாழ 10,560 கன அடி, அதாவது 300 கன மீட்டர். வாசலில் நுழைந்ததும் வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி, சானிடைசர், வரவேற்பு மேசையைச் சுற்றிக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் திரை, தரையில் ஸ்டிக்கர், ஒவ்வொரு குழு போனதும் கைப்பிடிகளில் மருந்து ஸ்ப்ரே. பார்க்க அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. தலைக்குமேல் நாலு மின்விசிறி சுழல்கிறது. மின்விசிறி காற்றைக் கலக்கும், மாற்றாது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படித்தான், உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தரும்.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் வெளியிட்ட எளிய அறிவுரையிலேயே இது தெளிவாக இருக்கிறது. பெரிய துளிகள் 2 மீட்டருக்குள் விழும், மிதக்கும் நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகும், ஜன்னலைத் திற, எக்ஸாஸ்ட் போடு. 40 அடிக் கூடத்தின் நீளமே 12 மீட்டர்தான். ஆறடி ஸ்டிக்கரை மட்டும் நம்பினால் மிதப்பவை விஷயத்தில் ஒன்றும் செய்ததாகாது.

எக்ஸாஸ்ட் இல்லாமல் இல்லை. 12 அங்குல விசிறி இரண்டு இருக்கிறது. மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமென்று வைத்துக்கொண்டால் இந்தக் கூடத்துக்கு மணிக்கு 1,800 கன மீட்டர் வெளியே போக வேண்டும். ஒரு விசிறி 1,200 தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து 2,400. காகிதத்தில் கணக்கு சரி. கோளாறு வைத்த இடத்தில். இரண்டு விசிறியும் வாசலிலிருந்து நாலடி தள்ளி, அதே சுவரில். வாசல் வழியே வரும் காற்று நேரே விசிறிக்குப் போய் வெளியேறிவிடுகிறது, கூடத்தின் கோடிக்குப் போவதே இல்லை. கூடவே வலையில் தூசி அடைத்திருக்கிறது, வெளியிலுள்ள தகடுகள் பாதிதான் திறக்கின்றன. இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். பார்வையாளர் இல்லாத நேரத்தில் ஒற்றை ஊதுபத்தியைக் கோடி மூலையில் பிடித்துப் பாருங்கள். புகை விசிறிப் பக்கம் நகராமல் அங்கேயே சுற்றினால் அந்த மூலையில் நிற்பவருக்குப் புதுக்காற்று இல்லை என்று பொருள்.

சரிசெய்வது பெரிய வேலையல்ல. வாசலுக்கு எதிர்ச்சுவரில் உள்ள இரண்டு ஜன்னல்களின் மேற்கண்ணாடியை எடுத்துவிட்டு விசிறிகளை அங்கே மாற்றினால் போதும். வாசலில் வரும் காற்று கூடம் முழுவதையும் கடந்துதான் வெளியே போகும். ஒரு தச்சர், ஒரு எலெக்ட்ரீசியன், ஒரு நாள். பிளாஸ்டிக் திரைக்குச் செலவழித்ததைவிட இதற்குக் குறைவாகவே ஆகும். அந்தத் திரையோ, காற்றை இன்னும் தடுக்கிறது.

மேசையில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும், உள்ளே 800ஐத் தாண்டினால் ஆட்களை நிறுத்த வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் எல்லை. எட்டுப் பேர் பேசாமல் நின்று பார்க்கும் இந்த அளவுக் கூடத்தில் உண்மையிலேயே மணிக்கு ஆறு முறை காற்று மாறினால், வெளியைவிட 100 பிபிஎம் கூடுவதே அதிகம். எட்டுப் பேருக்கே 900க்குப் போகிறதென்றால் மணிக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்று கொள்ளலாம்.

இன்னொன்று. விலை குறைந்த மீட்டர்கள் பல கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை, காற்றிலுள்ள வேறு ஆவிகளை வைத்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும். சானிடைசர் கையோடு பக்கத்தில் போனாலே எண் எகிறினால் அது அந்த ரகம். வாங்கும்போது, அகச்சிவப்புக் கதிரால் நேரடியாக அளக்கும் என்டிஐஆர் சென்சார் என்று கேட்டு வாங்க வேண்டும். வாசலில் சானிடைசரும் அதன் பக்கத்தில் ஊக மீட்டரும் வைத்தால் காலை முதல் மாலை வரை பொய்தான் காட்டும்.

சானிடைசரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுவோம். காலால் மிதிக்கும் ஸ்டாண்டை உள்வாசலில், ஒரு அக்ரிலிக் ஓவியத்துக்கு இரண்டடி பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சுமார் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ள திரவம் அக்ரிலிக் வண்ணப் படலத்தை இளக்கும். ஒரு துளி தெறித்து, யாராவது துடைக்கப் போனால் வண்ணமும் துணியோடு வரும். ஸ்டாண்ட் திண்ணையில் இருக்க வேண்டும், கை காய்ந்தபிறகே உள்ளே வர வேண்டும்.

பிளீச்சிங் கரைசல் அதைவிட மோசம். தரை துடைக்கும் வாளி வடசேரி நகைப் பெட்டிக்குக் கீழேயே நிற்கிறது. அந்த நகைகள் வெள்ளித் தகட்டின்மேல் தங்க ரேக்கும் சிவப்புக் கல்லும் பதித்தவை. குளோரின் ஆவி வெள்ளியைக் கருக்கவைக்கும். சோப்புத் தண்ணீரே தரைக்குப் போதும். ஆட்கள்மேல் மருந்து தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. படைப்புகள் இருக்கும் அறைக்குள்ளும் தெளிப்பானை எடுத்துப் போகவே கூடாது.

காற்றைத் திறந்துவிட்டால் ஈரமும் உள்ளே வருமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஜன்னல்களைச் சாத்தியதற்கும் அதுதான் காரணமாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 2021இல் ஊரடங்கு வந்ததும் நீர்வண்ண ஓவியங்களைச் சுவரிலேயே விட்டுப் பூட்டினார்கள். ஜூன் மழையில் பூட்டிய கூடம், அசையாத காற்று. அதற்குப் பிறகு வந்த பயம்தான் இது. ஆனால் மூடிய கூடத்தில்தானே பூஞ்சணம் வந்தது? ஓடும் காற்றைவிட நிற்கும் காற்றுதான் காகிதத்துக்கு எமன்.

தீர்வு படத்தின் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கிறது. காகித ஓவியம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டையோ மூன்று மில்லிமீட்டர் இடைவெளிப் பட்டையோ வேண்டும். தொட்டால் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. பின்பலகையின் ஓரம் முழுக்க அலுமினிய டேப் ஒட்டி அடைக்க வேண்டும், காய்ந்த நாளில் அடைக்க வேண்டும். மழை நாளில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு வைத்தால் சுவரோடு ஒட்டாது. இவ்வளவும் செய்துவிட்டு ஜன்னலைத் தாராளமாகத் திறக்கலாம். இப்போதுள்ள ஒன்பது நீர்வண்ணங்களில் அடைப்பு ஒழுங்காக இருப்பது மூன்றில்தான், மற்றவற்றின் கீழோரம் அலையலையாக நெளிந்திருப்பதை வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்றால் பார்க்கலாம். திடீர் ஊரடங்கு மறுபடி வந்தால் காகிதப் படைப்புகள் அன்றைக்கே கலைஞர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது புத்திசாலித்தனம். 2021இல் ஆலப்புழையிலும் எர்ணாகுளத்திலும் 267 மலையாளிக் கலைஞர்களோடு நடந்த 'லோகமே தறவாடு' கண்காட்சியே இரண்டாம் அலையில் மூடித்தான் மறுபடி திறந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே அந்த நிலை என்றால் எல்லோரும் முன்கூட்டி யோசிக்கத்தான் வேண்டும்.

கூடத்தில் மனம்விட்டுப் பாராட்ட வேண்டியது கல் மேசை. மயிலாடிப் பட்டறையிலிருந்து வந்த ஒரே வகைக் கருங்கல்லில் மூன்று துண்டுகள். ஒன்று உளி பொளிந்தபடி கரடுமுரடாக, ஒன்று பல்லுச் சுத்தியலால் கொத்திச் சமமாக்கியது, ஒன்று வழவழவென்று பாலிஷ் போட்டது. பக்கத்தில் முகம் மட்டும் முடிந்து உடல் கல்லாகவே இருக்கும் ஒரு சிற்பம். தொடலாம். எல்லா இடத்திலும் "தொடாதீர்கள்" என்று எழுதிய காலத்தில் இவர்கள் "கை கழுவிவிட்டுத் தொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். திண்ணையோரக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும், ஒவ்வொரு குழுவுக்கும் பிறகு கல்லையும் சோப்புத் தண்ணீரில் துடைக்கிறார்கள். கருங்கல்லுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. மாவுக்கல்லாக இருந்தால் கையெண்ணெயும் அழுக்கும் பட்டுக் கறுத்துப் போகும், அதை மேசையில் வைக்காமல் விட்டதும் தெரிந்து செய்ததுதான். பார்வையில்லாதவர்களுக்கு இந்தக் கண்காட்சியில் முழுதாகக் கிடைப்பது இந்த ஒரு மேசை. தோலிலும் மரத்திலும் இப்படித் தொட ஒரு மாதிரித் துண்டு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அரை மணி நேரம் போதுமா என்றால், 30 படைப்புகளுக்குப் போதாது. ஒரு படைப்புக்கு ஒரு நிமிடம் என்று வந்துவிடுகிறது. எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டு ஒரே நேரத்தில் வெளியேற்றுவதால் முதல் படத்தில் நெரிசலும் கடைசிப் படத்தில் அவசரமும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு பேராக விட்டு, ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிடம் கொடுத்தால் உள்ளே எந்த நேரமும் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். மணிக்கு 16 பேருக்குப் பதில் 12 பேர்தான் பார்க்க முடியும் என்பது உண்மை. கூட்டம் குறைந்த வார நாட்களிலாவது இதைச் செய்யலாம்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் செவ்வாய், புதன் காலைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வகுப்பை நாலாகப் பிரித்து, ஒரு பகுதி உள்ளே, ஒரு பகுதி மதிலில், ஒரு பகுதி கல் பொளிப்பதைப் பின்முற்றத்தில் பார்த்துக்கொண்டு, ஒரு பகுதி தண்ணீர் குடித்துக்கொண்டு என்று சுற்றிவிடும் ஏற்பாடு இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வரலாம். கார் நிறுத்த இடமில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்வாசலை நம்ப வேண்டாம். அங்கே இரண்டு படி, மொத்தம் 14 அங்குல உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக்கு 14 அடிச் சாய்தளம் வேண்டும், இவர்கள் போட்டிருப்பது ஆறடிப் பலகை. தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. போன் செய்யும்போதே பின்கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த வழியில் படி கிடையாது, முற்றம் வழியாக நேரே கல் மேசைக்கே வந்துவிடலாம்.